சொவேட்டோ மாணவர்கள் எதை எதிர்த்தார்கள்?

1976 தொடக்கத்தில் பள்ளிகள் திறந்தபோது தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்பான சொவேட்டோவின் கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு பெரிய தலைவலி காத்திருந்தது. கணக்கையும், வரலாறு, புவியியல் அடங்கிய சமூக அறிவியலையும் இனி, ஆட்சியில் இருந்த வெள்ளையரின் மொழியான ஆப்பிரிக்கான்ஸில்தான் நடத்த வேண்டும் என்பது உத்தரவு. அவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் பயிற்சி பெற்று வந்தவர்கள். ஆப்பிரிக்கான்ஸ் அரைகுறையாகத் தெரியும், அவ்வளவுதான். சிலரைக் குறுகிய காலப் பயிற்சிக்கு அனுப்பிப் பார்த்தார்கள். வகுப்பில் ஆசிரியரும் திணறினார், பிள்ளைகளும் திணறினார்கள். பிள்ளைகளைப் பொறுத்தவரை அது போலீஸ்காரர் அதட்டும்போதும் கறுப்பினத்தவர் கையில் வைத்திருக்க வேண்டிய 'பாஸ்' என்ற அனுமதிச் சீட்டைத் தரும் அலுவலகக் குமாஸ்தா விரட்டும்போதும் காதில் விழுகிற மொழி.

அந்த ஆண்டு ஜூன் 16, புதன்கிழமை, அந்தப் பிள்ளைகள் பள்ளிச் சீருடையோடு தெருவுக்கு வந்தார்கள். போலீஸ் சுட்டது. அன்று பற்றிய தீ தென்னாப்பிரிக்கா முழுவதும் பரவி மாதக்கணக்கில் எரிந்தது. 1977 பிப்ரவரி இறுதி வரை 575 பேர் இறந்ததாக அரசே அமைத்த சில்லியே விசாரணைக் கமிஷன் கணக்குச் சொன்னது. அவர்களில் 451 பேரைக் கொன்றது போலீஸ். இது அரசுத் தரப்புக் கணக்கு என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உண்மை எண்ணிக்கை இதைவிட அதிகம் என்றுதான் மற்றவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள்.

மொழித் திணிப்பு எதிர்ப்பு என்று சொன்னால் நமக்குச் சட்டென்று புரிந்துவிடுகிறது. அதனால் சொவேட்டோவையும் அந்தக் கணக்கிலேயே எழுதி மூடிவிடுகிறோம். ஆனால் இரண்டு விஷயங்கள் அதில் அடங்காமல் நிற்கின்றன. ஒன்று, இந்த மாணவர்கள் ஜூலுவிலோ சோத்தோவிலோ பாடம் கேட்கவில்லை, ஆங்கிலத்தில் கேட்டார்கள். இன்னொன்று, தாய்மொழிக் கல்வி அந்த நாட்டில் நிறவெறி அரசின் கொள்கை. ஆரம்பப் பள்ளி முழுக்கத் தாய்மொழியில்தான் நடக்க வேண்டும் என்று வற்புறுத்தியதே அந்த அரசுதான். இது எப்படி நேர்ந்தது என்று பார்க்க 1953க்குப் போக வேண்டும்.

அதுவரை கறுப்பினப் பிள்ளைகளில் படித்தவர்கள் பெரும்பாலும் கிறித்தவ மிஷன் பள்ளிகளில் படித்தார்கள். அங்கே இடங்கள் குறைவு, வசதிகளும் குறைவு. ஆனாலும் லவ்டேல், ஹீல்டவுன், ஆடம்ஸ் கல்லூரி போன்றவற்றிலிருந்து வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் அரசியல் தலைவர்களும் வந்தார்கள். நெல்சன் மண்டேலா ஹீல்டவுனில் படித்தவர். ஆட்சியில் இருந்த தேசியக் கட்சிக்கு உறுத்தியது இதுதான். 1953இல் வந்த பாண்டு (கறுப்பினத்தவருக்கு அரசு வைத்திருந்த பெயர்) கல்விச் சட்டம் இந்தப் பள்ளிகளை அரசின் கைக்குள் கொண்டுவந்தது. நடத்தியவர் அப்போது பூர்வகுடி விவகார அமைச்சராக இருந்த ஹெண்ட்ரிக் ஃபெர்வூர்ட். மனிதர் எதையும் மறைத்துப் பேசவில்லை. நடைமுறையில் பயன்படுத்தவே வாய்ப்பில்லாத பாண்டு குழந்தைக்குக் கணக்கு சொல்லித்தந்து என்ன பயன் என்று நாடாளுமன்றத்திலேயே கேட்டார். வெள்ளையர் சமூகத்தில் குறிப்பிட்ட சில உடலுழைப்பு வேலைகளுக்கு மேல் கறுப்பினத்தவருக்கு இடமில்லை, படிப்பும் அதற்கேற்றபடி இருந்தால் போதும் என்பது அவருடைய தெளிவான கொள்கை.

பணக் கணக்கிலும் இதே கொள்கைதான். கறுப்பினக் கல்விக்கு அரசு தரும் தொகையை ஆண்டுக்கு 1.3 கோடி ரான்டில் நிறுத்திவைத்தார்கள். அதற்கு மேல் வேண்டியதைக் கறுப்பின மக்கள் கட்டும் வரியிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கு வரும் பிள்ளைகள் பெருகினார்கள், பணம் பெருகவில்லை. 1955இல் 46 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்றிருந்தது 1967இல் 58க்கு ஒருவர் என்றானது. சட்டம் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலான பிறகு, 1975-76இல், வெள்ளையின மாணவர் ஒருவருக்கு அரசு செலவிட்டது 644 ரான்ட். இந்திய வம்சாவளி மாணவருக்கு 189, கலப்பின மாணவருக்கு 139. கறுப்பின மாணவருக்கு 42.

தாய்மொழிக்கு வருவோம். பாண்டு கல்வித் திட்டத்தில் முதல் எட்டு ஆண்டுகள் தாய்மொழி வழி. மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும் திட்டம். ஆனால் அந்த நாட்டில் அதற்கு இருந்த வேலை வேறு. ஜூலு பேசுபவர், கோசா பேசுபவர், ட்ஸ்வானா பேசுபவர் என்று மக்களைப் பிரித்து, ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு மூலையில் 'தாயகம்' ஒதுக்கி, நகரத்தில் இருப்பவர்கள் எல்லாம் தற்காலிக வேலையாட்கள் என்று காட்டுவதுதான் நிறவெறியின் மையத் திட்டம். சொவேட்டோவுக்குள்ளேயே மொழிவாரியாகக் குடியிருப்புகள், மொழிவாரியாகப் பள்ளிகள். நகரத்தில் நல்ல வேலை, பல்கலைக்கழகம், வெளியுலகம் எல்லாம் ஆங்கிலத்திலும் ஆப்பிரிக்கான்ஸிலும் இயங்க, இந்தப் பிள்ளைகளுக்கு எட்டு ஆண்டுகள் தாய்மொழி மட்டும் என்றால் கதவு எங்கே அடைக்கப்படுகிறது என்று பெற்றோருக்குப் புரிந்தது. ஆங்கிலம் அவர்களுக்குக் காதல் மொழியெல்லாம் இல்லை. வெளியேறும் வழி, அவ்வளவே.

உயர்நிலைப் பள்ளியில் பாதிப் பாடம் ஆங்கிலம், பாதி ஆப்பிரிக்கான்ஸ் என்ற விதி 1950களிலிருந்தே ஏட்டில் இருந்தது. ஆசிரியர் இல்லை, புத்தகம் இல்லை என்று பள்ளிகள் விலக்குக் கேட்கும், துறையும் கொடுத்துவிடும். 1974இல் இது மாறியது. சொவேட்டோ அடங்கிய தெற்கு டிரான்ஸ்வாலிலும் வடக்கு டிரான்ஸ்வாலிலும் விதியைக் கறாராக அமல்படுத்தச் சுற்றறிக்கை போனது. பொது அறிவியலும் கைத்தொழிற் பாடங்களும் ஆங்கிலத்தில். கணக்கும் சமூக அறிவியலும் ஆப்பிரிக்கான்ஸில். மதபோதனை, இசை, உடற்பயிற்சி தாய்மொழியில்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'தாயகங்களின்' நிர்வாகங்கள் தங்கள் பயிற்றுமொழியைத் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம். அவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தைத்தான் எடுத்துக்கொண்டன. சொவேட்டோ 'வெள்ளையர் பகுதியில்' இருந்ததால் அந்த உரிமை கிடையாது. துணை அமைச்சர் ஆந்திரீஸ் ட்ரூர்நிக்ட் சொன்ன நியாயம் இது: வெள்ளையர் பகுதியில் கட்டடம் கட்டுவது அரசு, மானியம் கொடுப்பது அரசு, ஆசிரியருக்குச் சம்பளம் தருவது அரசு, மொழியை முடிவு செய்வதும் அரசின் உரிமை. அவருக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்த பண்ட் யான்சன் இன்னும் ஒரு படி மேலே போனவர். மொழி விஷயத்தில் ஆப்பிரிக்க மக்களைக் கலந்து பேசினீர்களா என்று கேட்டபோது, பேசவும் இல்லை, பேசப்போவதும் இல்லை என்றார். நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் 'பெரிய முதலாளி' ஆப்பிரிக்கான்ஸ் மட்டும் பேசுபவராக இருக்கலாம், ஆங்கிலம் மட்டும் பேசுபவராக இருக்கலாம், இரண்டும் தெரிந்தால் இவனுக்குத்தான் நல்லது என்று விளக்கமும் தந்தார். பயிற்றுமொழியைத் தீர்மானித்தது வருங்கால முதலாளியின் வசதி.

சரி, இருபது ஆண்டுகளாகப் பொறுத்தவர்கள் 1976இல் ஏன் வெடித்தார்கள்?

முதல் காரணம் எண்ணிக்கை. 1962 முதல் 1971 வரை சொவேட்டோவில் ஒரு புதிய உயர்நிலைப் பள்ளிகூடக் கட்டவில்லை. மேலே படிக்க வேண்டுமா, உன் 'தாயகத்துக்கு'ப் போ என்பது கொள்கை. பிறகு ஆலைகளுக்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் போதவில்லை என்று தொழிலதிபர்கள் முறையிட, 1972இல் அரசு இறங்கிவந்தது. பள்ளிகள் கட்டப்பட்டன. இரண்டே ஆண்டுகளில் சொவேட்டோ உயர்நிலை மாணவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்று மடங்கானது. ஒரே ஊரில் இத்தனை ஆயிரம் பதின்வயதினர் பள்ளி வாசலில் தினமும் சந்தித்துக்கொள்வது அந்த ஊருக்குப் புதிது. இதற்கு மேல் 1975 இறுதியில் பள்ளிப் படிப்பை ஓராண்டு குறைத்தார்கள். அதனால் 1976இல் இரண்டு ஆண்டு மாணவர்கள் ஒரே வகுப்பில் வந்து குவிந்தார்கள். ஆப்பிரிக்கான்ஸ் உத்தரவு விழுந்தது பிதுங்கி வழிந்த அந்த வகுப்பறைகளின் தலையில்தான்.

அப்புறம் காலம். 1975இல் பக்கத்து நாடான மொசாம்பிக் போர்ச்சுகலிடமிருந்து விடுதலை பெற்றது. வெள்ளையர் ஆட்சி நிரந்தரம் என்ற நினைப்பு கண்ணெதிரே உடைந்தது. ஸ்டீவ் பிக்கோவும் நண்பர்களும் தொடங்கிய சாசோ மாணவர் அமைப்பு வழியாகக் கறுப்பின விழிப்புணர்வு இயக்கம் பள்ளிகளுக்குள் வந்திருந்தது. சொவேட்டோவின் மோரிஸ் ஐசக்சன் பள்ளியில் வரலாறு நடத்தியவர் ஓங்கொபொட்ஸெ டிரோ. பட்டமளிப்பு விழா மேடையிலேயே பாண்டு கல்வியைத் தாக்கிப் பேசியதற்காக 1972இல் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டவர். அந்தப் பள்ளியாலும் அவரை அதிக நாள் வைத்துக்கொள்ள முடியவில்லை. 1974இல் போட்ஸ்வானாவில் பார்சல் வெடிகுண்டில் கொல்லப்பட்டார். அவர் பாடம் நடத்திய பள்ளியிலிருந்து வந்தவர்தான் 1976 போராட்டத்தின் முகமான சியெட்சி மஷினினி.

இந்த இயக்கத்துக்குக் 'கறுப்பர்' என்றால் தோல் நிறம் மட்டும் கிடையாது. நிறவெறியால் ஒடுக்கப்பட்ட இந்தியரும் கலப்பினத்தவரும் அதில் அடக்கம். டர்பனிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினரான ஸ்டிரினி மூட்லியும் சாத்ஸ் கூப்பரும் இதன் முன்னணியில் இருந்தார்கள். மொசாம்பிக் விடுதலையை ஆதரித்துக் கூட்டம் ஏற்பாடு செய்ததையொட்டி இவர்கள் மீதும் தோழர்கள் மீதும் பிரிட்டோரியாவில் வழக்கு நடந்தது. 1976 மே மாதம் பிக்கோ அந்த வழக்கில் சாட்சி சொன்னார். பொது இடத்தில் பேசவே தடை விதிக்கப்பட்டிருந்தவர், நீதிமன்றக் கூண்டில் நின்று நாள்கணக்கில் பேசினார். நாளிதழ்கள் அதை வெளியிட்டன. சொவேட்டோவில் வகுப்புப் புறக்கணிப்பு தொடங்கியதும் அதே மாதம்தான்.

மே 17 அன்று ஆர்லாண்டோ வெஸ்ட் ஜூனியர் செகண்டரி பள்ளி மாணவர்கள் வகுப்புக்குப் போக மறுத்தார்கள். மற்ற பள்ளிகளும் சேர்ந்துகொண்டன. அதற்கு முன்பே எச்சரிக்கைகள் வராமல் இல்லை. ஆங்கில வழியை வற்புறுத்திய பள்ளி வாரிய உறுப்பினர்களை ஆண்டுத் தொடக்கத்தில் துறை பதவிநீக்கம் செய்திருந்தது. ஜோகன்னஸ்பர்க் பேராலயத்தின் டீனாக இருந்த டெஸ்மண்ட் டூட்டு, நிலைமை மாறாவிட்டால் ரத்தக்களரி தவிர்க்க முடியாததாகிவிடும் என்ற அச்சத்தைச் சொல்லி மே முதல் வாரத்தில் பிரதமர் ஜான் ஃபோர்ஸ்டருக்குக் கடிதம் எழுதினார். ஃபோர்ஸ்டர் அதை அரசியல் பிரச்சாரம் என்று ஒதுக்கினார். ஜூன் 8இல் நலேடி பள்ளிக்குள் ஒரு மாணவரைப் பிடிக்க வந்த போலீசாரின் காரை மாணவர்கள் கொளுத்தினார்கள். ஜூன் 13, ஞாயிறு. ஆர்லாண்டோ சமூகக் கூடத்தில் கூடிய மாணவர் பிரதிநிதிகள் புதன்கிழமை ஊர்வலம் என்று முடிவெடுத்தார்கள். பெற்றோரிடம் சொல்ல வேண்டாம் என்பதும் முடிவு. தடுத்துவிடுவார்கள்.

திட்டம் எளிமையானது. ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் புறப்பட்டு, ஆர்லாண்டோ வெஸ்டில் ஒன்றுசேர்ந்து, ஆர்லாண்டோ மைதானத்தில் கூட்டம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவது. கலந்துகொண்டவர்கள் பத்தாயிரம் பேர் என்பார்கள், இருபதாயிரம் என்பார்கள். ஆப்பிரிக்கான்ஸ் ஒழிக என்று தட்டிகள். நாங்கள் ஆப்பிரிக்கான்ஸ் படிக்க வேண்டுமென்றால் ஃபோர்ஸ்டர் ஜூலு படிக்கட்டும் என்று ஒரு தட்டி. இந்தக் குறும்பை வைத்தே போராட்டத்தின் வயதைச் சொல்லிவிடலாம். பலருக்குப் பதினைந்து, பதினாறு. என்ன கூட்டம் என்று வேடிக்கை பார்க்க வந்து சேர்ந்துகொண்ட ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

விலகாஸி தெருவை ஒட்டி, ஆர்லாண்டோ வெஸ்ட் பள்ளி அருகே போலீஸ் மறித்தது. கண்ணீர்ப்புகை வீசினார்கள், நாயை ஏவினார்கள். மாணவர்கள் கல்லெறிந்தார்கள், நாயைக் கொன்றார்கள். துப்பாக்கிச் சூடு தொடங்கியது. ஹேஸ்டிங்ஸ் இண்ட்லோவு என்ற மாணவர் சுடப்பட்டார். 12 வயது ஹெக்டர் பீட்டர்சன் சுடப்பட்டான். அவனைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடியவர் எம்புயிசா மகூபோ, 18 வயது. பக்கத்திலேயே கதறிக்கொண்டு ஓடியவர் ஹெக்டரின் அக்கா ஆன்டோனெட். 'தி வேர்ல்ட்' நாளிதழின் புகைப்படக்காரர் சாம் என்சிமா அதைப் படமெடுத்தார். போலீஸ் பறிக்கும் என்று தெரிந்து, படச்சுருளைக் கழற்றிக் காலுறைக்குள் ஒளித்துவைத்தார். அதே நாளிதழின் நிருபர் சோஃபி டெமாவின் காரில் பையனைப் பக்கத்து கிளினிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் போயிருந்தது.

பீட்டர்சன் என்ற அந்தக் குடும்பப்பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தின் உண்மைப் பெயர் பிட்ஸோ. கலப்பினத்தவர் என்று பதிவானால் நிறவெறிச் சட்டங்களின் கெடுபிடி கொஞ்சம் குறையும் என்பதால் மாற்றிக்கொண்டார்கள்.

படம் உலகம் முழுக்க முதல் பக்கத்தில் வந்தது. எடுத்தவருக்கு அதனால் வந்தது துன்பம்தான். போலீஸ் தொல்லை தாங்காமல் என்சிமா வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்குப் போனார். அங்கும் வீட்டுக்காவல். அந்தப் படத்தின் உரிமை அவர் கைக்கு வந்தது 1998இல். மகூபோவையும் போலீஸ் விடவில்லை. நாட்டை விட்டு ஓடியவர் போட்ஸ்வானா வழியாக நைஜீரியா சேர்ந்தார். 1978இல் வந்த கடிதத்துக்குப் பிறகு தாய்க்கு அவரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. என் மகன் வீரன் எல்லாம் இல்லை, விழுந்த பையனைத் தூக்குவது எங்கள் வழக்கத்தில் ஓர் அண்ணன் செய்ய வேண்டிய கடமை என்பதுதான் அந்தத் தாய் சொன்னது. ஹெக்டருக்கு முன்பே சுடப்பட்டவர் என்று பலரும் சொல்லும் இண்ட்லோவுவைப் படமெடுக்க ஆளில்லை. அவர் பெயர் சொவேட்டோவுக்கு வெளியே பலருக்குத் தெரியாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மத்தியானத்துக்குள் சொவேட்டோ எரிந்தது. எவை எரிந்தன என்பது முக்கியம். சொவேட்டோவை நிர்வகித்த மேற்கு ராண்ட் நிர்வாக வாரியத்தின் அலுவலகங்களும் வண்டிகளும், அப்புறம் மதுக்கூடங்களும். கறுப்பினக் குடியிருப்புகளில் பீர் விற்கும் உரிமை அந்த வாரியத்திடம் இருந்தது. அப்பா குடிக்கும் பீரில் வரும் லாபத்தில்தான் அவரை அடக்கும் நிர்வாகமே ஓடியது. சாராயத்தைக் குறை, நல்ல கல்வி கொடு என்ற மாணவர் கோஷத்தை ஒழுக்கப் பிரச்சாரமாக மட்டும் படித்தால் பாதிதான் புரியும்.

கூட்டத்தின் கோபம் கண்மூடித்தனமாகவும் இருந்தது. அன்று கொல்லப்பட்ட வெள்ளையரில் ஒருவர் மெல்வில் எடெல்ஸ்டைன். சொவேட்டோவில் நலத்திட்டப் பணி செய்தவர், சமூகவியலாளர், அங்குள்ள இளைஞர்களின் மனக்கொதிப்பைச் சில ஆண்டுகளுக்கு முன்பே ஆய்வு செய்து எழுதியவர். ஆகஸ்டில் மாணவர்கள் வேலைநிறுத்தத்துக்கு அழைத்தபோது, அதை ஏற்காத, வெளியூரிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருந்த தொழிலாளர்கள் சொவேட்டோவாசிகளைத் தாக்கி உயிர்ப்பலி வாங்கினார்கள். போலீஸ் அவர்களைத் தூண்டிவிட்டது என்பது அன்றைய குற்றச்சாட்டு. போராட்டத்தைப் புனிதமாக்கிச் சொல்பவர்கள் இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்ட அவசியமில்லை. சுடும் அதிகாரமும் சுட்ட துப்பாக்கிகளும் யாரிடம் இருந்தன என்பது இவற்றால் மாறிவிடாது.

ஜூலை முதல் வாரத்தில் அரசு ஆப்பிரிக்கான்ஸ் கட்டாயத்தைக் கைவிட்டது. இது மொழிப் போராட்டம் மட்டுமே என்றால் கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஆகஸ்டில் கேப்டவுனின் லங்கா, குகுலெத்து, நியாங்கா குடியிருப்புகளில் வெடித்தது. அங்கே கலப்பினப் பள்ளி மாணவர்களும் இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசும் மொழியே ஆப்பிரிக்கான்ஸ்! மொழிதான் பிரச்சினை என்றால் அந்தப் பிள்ளைகள் போலீசின் தோட்டாவுக்கு முன்னால் வந்து நின்றதற்குப் பொருளே கிடையாது. சொவேட்டோவைப் பற்றிய எந்த விளக்கத்தையும் கேப்டவுனில் வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

பின்விளைவுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஜூன் 19 அன்றே ஐ.நா. பாதுகாப்புச் சபை 392ஆம் தீர்மானத்தில் துப்பாக்கிச் சூட்டைக் கண்டித்தது. 1977 செப்டம்பரில் பிக்கோ போலீஸ் காவலில் இறந்தார். அக்டோபரில் கறுப்பின விழிப்புணர்வு அமைப்புகளும் 'தி வேர்ல்ட்' நாளிதழும் தடை செய்யப்பட்டன. நவம்பரில் ஐ.நா. கட்டாய ஆயுதத் தடை விதித்தது. இதற்குள் ஆயிரக்கணக்கான மாணவர்கள் எல்லை தாண்டிப் போயிருந்தார்கள். ஜூன் 16 ஊர்வலத்தைத் திட்டமிட்டதில் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசுக்குப் பெரிய பங்கில்லை. ஆனால் எல்லைக்கு அப்பால் முகாமும் ஆயுதமும் வைத்திருந்தது அதுதான். பிக்கோ வழி வந்த பிள்ளைகள் மண்டேலாவின் கட்சிப் படையில் சேர்ந்தார்கள். அப்படிப் போய்த் திரும்பி வந்தவர் சாலமன் மாலாங்கு. 1979 ஏப்ரலில் 22 வயதில் தூக்கிலிடப்பட்டார். தான்சானியாவின் மொரோகோரோ அருகே, நாடு கடந்த மாணவர்களுக்காகக் கட்டிய பள்ளிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். மஷினினி எந்தக் கட்சியிலும் சேர மறுத்து நாடு நாடாகத் திரிந்து, 1990இல் கினியாவில் இறந்தார். மண்டேலா சிறையிலிருந்து வெளியே வந்த ஆண்டு அது.

நிறவெறி போனபின் ஜூன் 16 தென்னாப்பிரிக்காவில் இளைஞர் தினமாக அரசு விடுமுறை. 1991 முதல் ஆப்பிரிக்கக் குழந்தைகள் தினமும் அதுவே. 1996 அரசியல் சட்டம் பதினோரு மொழிகளை ஆட்சிமொழிகளாக அறிவித்தது.

ஆனால் பாண்டு கல்வி விட்டுப்போன ஒரு பழைய வினை பள்ளிகளில் இன்னும் தீரவில்லை. தாய்மொழியில் படித்தால் பிள்ளைக்குக் கணக்கும் அறிவியலும் நன்றாக ஏறும் என்று கல்வியாளர்கள் சொன்னால், சந்தேகப்படும் பெற்றோர் அங்கே ஏராளம். அந்தச் சொல்லை அவர்கள் முதலில் கேட்டது ஃபெர்வூர்டின் துறையிடமிருந்து. அதனால் புதிய தென்னாப்பிரிக்காவிலும் பெரும்பாலான கறுப்பினப் பிள்ளைகள் முதல் மூன்று வகுப்புகளைத் தாய்மொழியில் படித்துவிட்டு நான்காம் வகுப்பில் திடீரென்று ஆங்கிலத்துக்கு மாறினார்கள். கரும்பலகை முன்னால் திணறுவது தொடர்ந்தது, மொழிதான் வேறு. கிழக்குக் கேப் மாகாணத்தில் 2012 முதல் சோதித்துப் பார்த்த பிறகு, நான்காம் வகுப்பிலும் தாய்மொழியையும் ஆங்கிலத்தையும் சேர்த்துவைத்துக் கணக்கும் அறிவியலும் நடத்தும் திட்டம் 2025இல்தான் நாடு தழுவித் தொடங்கியிருக்கிறது.